அக்கா கொண்டுவந்த முழுக் கோதுமை: 5 விசிலுக்கு வேகவில்லை, 15 விசிலுக்குக் கூழாகிறது

முத்தியால்பேட்டைக்காரர் (புதுச்சேரி) கேட்டது:

வணக்கம். ஓய்வு பெறும்வரை வெந்நீர்கூட வைத்தறியாதவன் நான். போன வருடம் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றுமுதல் அடுப்படி என் கையில். அவள் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆணை பிறப்பிப்பாள், நான் நிறைவேற்றுவேன். இப்படியே சோறு, சாம்பார், ரசம், வஞ்சிரக் குழம்பு வரை தேறிவிட்டேன். மண்ணைக் கவ்வியது கோதுமையில் மட்டும்தான். மாவும் இல்லை, ரவையும் இல்லை, முழுக் கோதுமை.

என் மூத்த அக்கா பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறார். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டும் பாலாடைக்கட்டியும் கொண்டுவரும் அக்கா, தம்பி பெண்டாட்டிக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் இந்தச் சித்திரையில் இரண்டு கோதுமைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஒன்றில் 'கிரான் எப்போத்ர்' என்றும் மற்றதில் 'பெத்தி எப்போத்ர்' என்றும் போட்டிருக்கிறது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று புரியும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு உண்டு. அதற்கு மேல் இல்லை.

சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தபோது அக்கா செய்துகொடுத்த கோதுமை சாலட் இன்னும் நாக்கில் இருக்கிறது. மணிகள் முத்து முத்தாக உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல், மெத்தென்று இருந்தன. வெள்ளரிக்காய், புதினா, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டால், "பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் போதும்டா" என்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை: அரிசிக்கு வைப்பதுபோல ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து, ஊறவைக்காமல், குக்கரில் 5 விசில். மென்றோம், மென்றோம், மென்றுகொண்டே இருந்தோம். "கோழிக்குப் போடுங்கள். அதுவும் ஒரு தடவை யோசிக்கும்" என்றாள் மனைவி.

அதையே திரும்பக் குக்கரில் ஏற்றி இன்னும் 15 விசில் விட்டேன். வெயிட் வழியாக வெள்ளை நுரை பீறிட்டு, சுவர் ஓடெல்லாம் பசை. திறந்து பார்த்தால் மணிகள் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் கக்கியிருந்தன. அடியில் பிடித்துவிட்டது. மேலே இருந்ததை மட்டும் எடுத்து மோர் ஊற்றிக் கஞ்சியாகக் குடித்துத் தீர்த்தோம்.

மூன்றாம் முறை, ஊறவைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவு 9 மணிக்கு அடுப்பு மேடையில் ஊறப்போட்டேன். கத்திரி வெயில் காலம். காலை 9 மணிக்கு மூடியைத் திறந்ததும் குமிழியும் நுரையுமாகப் புளித்த வாடை வந்தது. அப்படியே முருங்கை மரத்தடியில் கொட்டினேன்.

ஒரு கிலோவில் கால் கிலோ இப்படியே போயிற்று. அக்கா கடல் கடந்து சுமந்து வந்ததாயிற்றே என்று மனம் கேட்கவில்லை. எத்தனை விசில் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் போதும். பெரிய மார்க்கெட்டில் விற்கிற சம்பா கோதுமையும் இதுவும் ஒன்றுதானா? சர்க்கரை உள்ளவர் எவ்வளவு சாப்பிடலாம்?

திருப்பாதிரிப்புலியூர் மில்லுக்காரி எழுதியது:

அண்ணா, விசில் கணக்கை முதலில் தலைமுழுகுங்கள். உங்கள் தீ எவ்வளவு, குக்கரில் தண்ணீர் எவ்வளவு, கேஸ்கெட் எத்தனை வருடத்துப் பழசு, இதையெல்லாம் பொறுத்தது விசில். எங்கள் வீட்டிலேயே இரண்டு குக்கர்கள் இருக்கின்றன. ஒன்று ஆறு நிமிடத்தில் 5 விசில் விடும், இன்னொன்று கால் மணி நேரம் எடுக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். அதைவிட மேல், மணியைப் பாருங்கள்.

மாவு மில் வீட்டில் வாழ்க்கைப்பட்டு 34 வருடமாகக் கோதுமைத் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். கோதுமை வேகாததற்குக் காரணம் சூடு போதாதது இல்லை, தண்ணீர் உள்ளே போகாதது. தீட்டிய அரிசிக்குத் தவிடு போய்விட்டது, அதனால் தண்ணீரை உடனே குடிக்கும். முழுக் கோதுமை தவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் வந்திருக்கிறது. அந்தச் சட்டைக்குள் தண்ணீர் நுழைய நேரம் கொடுக்காமல் விசில்மேல் விசில் விட்டால் வெளிப்பக்கம் வீங்கி வெடிக்கும், நடுவில் அப்படியே நிற்கும்.

ஒரு மணியை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. முழுவதும் ஒரே நிறமாக, கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் இறக்கலாம். இந்தப் பொட்டுதான் விசில். வேறு விசில் கிடையாது.

உங்களுக்கு உதிரியாக வேண்டும் என்றால் குக்கரே வேண்டாம். சோறு வடிப்பதுபோல வடியுங்கள். ஓர் ஆழாக்குக்கு ஆறு ஆழாக்கு தண்ணீர், பெரிய பாத்திரம், மூடியைச் சற்றே விலக்கிவைத்து, தளதளவென்று குதிக்காமல் மெல்லக் கொதிக்க வேண்டும். குதித்தால் மணி ஒன்றோடொன்று மோதித் தோல் கிழியும். ஊறவைத்திருந்தால் அரை மணி நேரம் கழித்துப் பொட்டுப் பார்க்கத் தொடங்குங்கள், பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஊறாதது என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உப்பை முடியும் தறுவாயில் போடுங்கள். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் வடித்த பிறகுதான். புளிப்பு சேர்ந்துவிட்டால் கோதுமை பிடிவாதம் பிடிக்கும்.

ஊறவைப்பது ஃபிரிட்ஜில். கடலூரும் புதுச்சேரியும் கத்திரியில் ஒன்றுதான், இரவெல்லாம் மேடையில் வைத்தால் புளிக்காமல் என்ன செய்யும்? தோசை மாவே எட்டு மணி நேரத்தில் பொங்குகிறது.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆறவைத்து, மோரும் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டால் நீராகாரத்துக்கு அக்காள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் பண்ருட்டிப் பக்கம். கம்பு சமைப்பதற்கு முன்னால் கம்பின்மேல் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் பொதுமவிட்டு, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்துத் தவிட்டை நீக்குவார். பாயசத்துக்குக் கோதுமை என்றாலும் அதே கதைதான். உலக்கை மணியை உடைக்கக் கூடாது, தோலை மட்டும் உரச வேண்டும். ஈரம் அதிகமானால் வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் நொறுங்கும். கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார். உள்ளங்கை நனையாமல், விட்டதும் பிடி மெல்ல உதிர வேண்டும். அந்தப் பதம் வந்தபிறகுதான் உலக்கையைத் தொடுவார். அப்படிக் குத்திய கோதுமை முழுசின் நேரத்தில் பாதியிலேயே வெந்துவிடும். உங்களிடம் உரல் இருக்காது என்று நினைக்கிறேன். மிக்ஸியில் ஈரக் கோதுமையை இரண்டே தடவை விட்டு விட்டுச் சுற்றலாம், ஆனால் பாதி ரவையாகிவிடும். உங்கள் முத்து முத்தான சாலட்டுக்கு அது ஆகாது.

நெல்லிக்குப்பம் இளைஞன் எழுதியது:

ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். எங்கேயோ விளைந்த கோதுமையை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, வேகவில்லை என்று வருத்தப்படுவதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. நம் ஊரில் கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை எல்லாம் இருக்கின்றன. சாமை இருபது நிமிடத்தில் வேகும்.

திருப்பாதிரிப்புலியூர் மில்லுக்காரி:

தம்பி, அக்கா கொண்டுவந்ததைச் சமைக்க வழி கேட்கிறார். கேழ்வரகு இல்லை என்று அவர் அழவில்லை. கோதுமையும் நம் ஊரில் விளையவில்லை, ஆனால் உங்கள் வீட்டிலும் வாரத்தில் நாலு நாள் சப்பாத்தி இருக்கும்.

லாஸ்பேட்டை தாவரவியல் ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

முத்தியால்பேட்டை ஐயாவுக்கு. உங்கள் மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு நான் பொறுப்பேற்கிறேன். மற்றவற்றிலும் மூக்கை நுழைப்பேன்.

உங்கள் இரண்டு பொட்டலங்களும் ஒரே தானியத்தின் பெரிசும் சிறிசும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 'பெரிய எப்போத்ர்' என்பது ஸ்பெல்ட். 'சின்ன எப்போத்ர்' என்பது ஐன்கார்ன். இரண்டும் கோதுமைச் சாதிதான், ஆனால் பங்காளிகள். ஐன்கார்னுக்குக் குரோமோசோம் 14. நம் சந்தையில் சம்பா கோதுமை என்று கிடைக்கும் நீளமான செம்பழுப்பு மணி, மகாராட்டிரத்தில் கப்ளி என்பார்கள், அது எம்மர் வகை, அதற்கு 28. ஸ்பெல்ட்டுக்கும் சப்பாத்திக் கோதுமைக்கும் 42. ஆக, சம்பா வேறு, உங்கள் பொட்டலங்கள் இரண்டும் வேறு. ஆனால் கடையில் சம்பா என்ற பெயரில் எல்லா நீள மணியையும் விற்றுவிடுகிறார்கள், ஆகவே பெயரை நம்பி நேரம் குறிக்காதீர்கள்.

ஸ்பெல்ட், ஐன்கார்ன், எம்மர் மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. சப்பாத்திக் கோதுமை கதிரடித்ததும் உமியை உதறிவிட்டு வெளியே வரும். இவை நெல்லைப்போல உமியோடு ஒட்டிக்கொண்டே வரும், தனியாக உமி நீக்க வேண்டும். இதில்தான் பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். 'தெகோர்த்திகே' என்றிருந்தால் உமி மட்டும் போயிருக்கிறது, தவிடு முழுசாக இருக்கிறது. நம் கைக்குத்தலைவிடவும் முரடு. 'பெர்லே' என்றிருந்தால் தவிட்டையும் உரசி எடுத்திருக்கிறார்கள், அது ஊறாமலே அரை மணி நேரத்துக்குள் வேகும். போய்ப் பாருங்கள். முதல் சொல்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அக்காவின் 'பத்து நிமிடம்' பொய் அல்ல. பிரான்சில் எப்லி என்ற பெயரில் ஒரு கோதுமை விற்கிறது. பாஸ்தாவுக்கு ஆகும் கடினக் கோதுமையை முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திப் பெட்டியில் போட்டது. அது உண்மையிலேயே பத்து நிமிடத்தில் தயார். நீங்கள் அங்கே சாப்பிட்ட முத்துக் கோதுமை அதுவாகத்தான் இருக்கும். அக்கா தான் சமைப்பது ஒன்றும் உங்களுக்குக் கொண்டுவந்தது ஒன்றுமாக இருந்திருக்கிறார். சர்க்கரைக்கு முழுத் தானியம் நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், பாவம்.

மில்லம்மா சொன்ன பொட்டுச் சோதனை அருமை, வகுப்பறைக்கே கொண்டுபோகலாம். அந்த வெள்ளைப் பொட்டு தண்ணீர் எட்டாத மாவுச்சத்து. கோதுமை மாவுச்சத்து இளகுவதற்கு 60 டிகிரி செல்சியசை ஒட்டிய சூடே போதும், ஆனால் கூடவே தண்ணீர் வேண்டும். ஊறும்போது தண்ணீர் முக்கியமாக முளை இருக்கும் முனை வழியாகத்தான் உள்ளே போகிறது. மணியின் ஒரு முனையில் சின்னதாக அம்மைத்தழும்பு மாதிரி ஒரு குழி தெரியும், அங்கேதான் முளை. எதிர்முனையில் பூனை மீசைபோல மயிர்கள். சந்தேகமாக இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதையே பூதக்கண்ணாடியாக்கிப் பாருங்கள், அறுபதுக்கு மேல் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

60 டிகிரி போதும் என்பதால்தான் எரிவாயுவை மிச்சம் பிடிக்கும் ஒரு வழியும் உண்டு. நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அடுப்புக்கு அனுமதி கிடையாது. பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, சமையலறையில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துத் தந்த கோதுமையைத் தண்ணீரோடு அதில் ஊற்றி, இறுக மூடி, இரவு வைத்துவிடுவேன். காலையில் வெந்திருக்கும். சூடாகவே இருப்பதால் புளிக்காது. வாய் அகலமான பிளாஸ்க்காக இருக்க வேண்டும்.

ஐன்கார்ன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதரின் உடலைக் கண்டெடுத்தார்கள், 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அவர் வயிற்றில் கடைசியாகப் போயிருந்த உணவில் இந்தச் சின்ன எப்போத்ர் இருந்தது. அவர் எத்தனை விசில் வைத்தாரோ.

வில்லியனூர் செவிலியர் (ஓய்வு) எழுதியது:

சர்க்கரைக் கேள்வியை யாரும் தொடவில்லையே.

முழுக் கோதுமையை மாவாக்காமல் மணியாகவே மென்று சாப்பிட்டால் சர்க்கரை மெல்ல ஏறும், அது சரி. ஆனால் மெல்ல ஏறும் என்பதற்கு ஏறாது என்று பொருள் இல்லை. நான் பார்த்தவரையில் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்றேதான்: கோதுமை உடம்புக்கு நல்லது என்று சோற்றையும் குறைக்காமல், அதற்குமேல் இதையும் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்வார்கள். சோற்றுக்கு மாற்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். வெந்தபிறகு அளங்கள், வேகாததை அளந்து ஏமாறாதீர்கள், இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தட்ட ஊதும். முதல் இரண்டு தடவை சாப்பிட்டபோது, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்துக் குறித்துவையுங்கள். அவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை அந்த எண் சொல்லும், மருத்துவரிடமும் அதைக் காட்டலாம். மருந்து மாத்திரையை இதை நம்பிக் குறைக்காதீர்கள்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) ஆகாத நோய் உள்ளவர்களுக்கும் ஸ்பெல்ட்டும் ஆகாது, ஐன்கார்னும் ஆகாது, சம்பாவும் ஆகாது. 'பழங்காலக் கோதுமை, ஒன்றும் செய்யாது' என்று விற்கிறார்கள், கேட்காதீர்கள்.

முத்தியால்பேட்டைக்காரர் (கேள்வி கேட்டவர்):

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சோதனையை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பொட்டலம். ஆசிரியை அம்மா பந்தயத்தில் ஜெயித்தார். இரண்டிலும் 'தெகோர்த்திகே' என்றுதான் இருக்கிறது, கொட்டை எழுத்தில், என் கண் முன்னாலேயே. அக்காவைக் கூப்பிட்டு எப்லியா என்று கேட்டேன். "ஆமாம், அதுதான். கோதுமை கோதுமைதானே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவர்.

சனி இரவு 9 மணிக்குப் பெரிய எப்போத்ர் 150 கிராம் எடுத்து, களைந்து, ஃபிரிட்ஜில் ஊறவைத்தேன். களையும்போது மேலே மிதந்த நாலைந்து சொத்தை மணிகளை எடுத்துப்போட்டேன். காலையில் மணி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருத்திருந்தது, வாடை எதுவும் இல்லை. 7 மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் வைத்து அடுப்பேற்றினேன். 7:12க்குக் கொதி வந்தது. தீயைக் குறைத்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையில் கரண்டிக் காம்பைச் செருகினேன். இது வாசற்படியிலிருந்து வந்த ஆணை.

7:40க்கு முதல் மணியை வெட்டினேன். பொட்டு நன்றாகத் தெரிந்தது, மில்லம்மா சொன்னதுபோலச் சுண்ணாம்பு வைத்த மாதிரியே. 7:50க்கு ஊசிமுனை அளவாகச் சுருங்கியிருந்தது. மனைவிக்கும் ஒன்று வெட்டி நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்" என்றாள். 8 மணிக்குப் பொட்டு இல்லை. கடித்தால் தோல் பல்லில் லேசாகத் தடுத்து, பிறகு பட்டென்று விட்டு, உள்ளே மெத்தென்று இருந்தது. உப்புப் போட்டு இரண்டு நிமிடம் விட்டு வடித்தேன். ஒரு மணிகூட வாய் பிளக்கவில்லை என்று சொல்ல ஆசை. பத்துப் பதினைந்து பிளந்திருந்தன.

தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, அரைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் புரட்டினேன். எடை போட்டால் 370 கிராம். செவிலியர் அம்மாவின் கணக்கு கச்சிதம்.

வெள்ளரியும் புதினாவும் போட்ட அக்கா சாலட்டைத்தான் செய்யப்போனேன். வாசற்படி ஒப்புக்கொள்ளவில்லை. "பச்சையாக வாயில் போடுகிறாற்போல இருக்கும், தாளியுங்கள்" என்றாள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, பொடியாக நறுக்கிய மாங்காய், துருவிய தேங்காய், கடைசியில் வெள்ளரி. புதினாவுக்கு அனுமதி கிடைத்தது, எலுமிச்சைக்குக் கிடைக்கவில்லை, மாங்காய் இருக்கிறதாம். சாப்பிட்டால் சுண்டலுக்கும் சாலட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அக்காவுடையதைவிட மெல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் மெல்ல மெல்ல ஒரு வறுத்த வேர்க்கடலை ருசி வருகிறது. அது எப்லியில் இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

மனைவி ஒரு கிண்ணம் மட்டும், சோறு இல்லாமல் சாப்பிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்ததில், வழக்கமாகச் சோறு சாப்பிட்ட நாளைவிடக் குறைவு. ஒரு நாள் கணக்கு, இதை வைத்துக்கொண்டு ஆட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நாட்காட்டியில் எழுதியிருக்கிறேன்.

வடித்த தண்ணீர் இரண்டு டம்ளர் வந்தது. மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, நானே இரண்டையும் குடித்துவிட்டேன்.

சின்ன எப்போத்ரை மாலையில் தனியாக வைத்தேன். அதையும் ஊறவைத்திருந்தேன், கொதி வந்து 30 நிமிடத்தில் பொட்டுப் போய்விட்டது. மணி சின்னது, தட்டையாக இருக்கிறது. வெல்லமும் தேங்காய்ப் பாலும் விட்டுப் பாயசம். அது எனக்கும் மாடிவீட்டுப் பிள்ளைகளுக்கும். மனைவிக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்தேன், இன்னொரு தேக்கரண்டி கணக்கில் வராமல் போயிருக்கிறது.

எரிவாயுதான் உறுத்துகிறது. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் என்றால் சிலிண்டர் என்ன ஆகும்? குக்கரில் ஊறியதை வைக்கலாமா? மிச்சப் பொட்டலத்துக்கு வண்டு வராமல் என்ன செய்வது?

திருப்பாதிரிப்புலியூர் மில்லுக்காரி:

வைக்கலாம் அண்ணா, அப்போது ஊறியதாகவே இருக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய், குக்கரில் பாதிக்குமேல் ஏறக் கூடாது. போன முறை நுரை பீறிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஒரு விசில் வந்ததும் தீயை ஒடுக்கி, கடிகாரப்படி பெரியதற்கு 20 நிமிடம், சின்னதற்கு 12. தானாக ஆறட்டும், வெயிட்டைத் தூக்காதீர்கள். வடித்ததைவிடக் கொஞ்சம் குழைவாக வரும். மொத்தமாக வேகவைத்துப் பங்கு பிரித்து ஃப்ரீசரில் போட்டுக்கொண்டால் ஒரு மாதம் வரும். ஃபிரிட்ஜில் மூன்று நாளைக்குமேல் வேண்டாம்.

வண்டுக்கு: பொட்டலத்தை அப்படியே ஒரு நாலு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையோடு ஒழியும். வெளியே எடுத்து வேர்வை காய்ந்தபிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இரண்டு வசம்புத் துண்டு போடுங்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு வெறும் பிளாஸ்டிக் பை தாங்காது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சிக்கு வாடை வந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது.

முத்தியால்பேட்டைக்காரர்:

நேற்று இரவு ஆசிரியை அம்மாவின் பிளாஸ்க் முறையையும் பார்த்துவிட்டேன். மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது காபி வாங்கப் போய்வந்த பிளாஸ்க் ஒன்று பரணில் கிடந்தது. கழுவி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, ஐந்து நிமிடம் கொதித்த கோதுமையைத் தண்ணீரோடு ஊற்றி மூடினேன். காலை 6 மணிக்குத் திறந்தேன். ஆவி பறந்தது. மேலே இருந்த ஒரு மணியைக் கரண்டிக் காம்பால் எடுத்து வெட்டினேன், பொட்டு இல்லை.

ஆனால் அம்மா வாய் அகலமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததை நான் நேற்று கவனித்துப் படிக்கவில்லை. பாதிவரை போட்ட கோதுமை இரவெல்லாம் ஊதிக் கழுத்துவரை ஏறி இறுகிவிட்டது. கவிழ்த்தாலும் வரவில்லை, தட்டினாலும் வரவில்லை. மணி எட்டாகிறது. இட்லித் தட்டு எடுக்கும் கம்பியால் நான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வாசற்படியிலிருந்து, "உள்கண்ணாடி உடைந்துவிடப்போகிறது, கம்பியை வைத்துவிட்டு வெந்நீர் ஊற்றிக் குலுக்குங்கள்" என்று ஆணை வந்திருக்கிறது. வெந்நீர் வைக்கப் போகிறேன்.